மாதுளந்தோல் மேல் விழுந்த பழி

மாதுளந்தோலைத் தின்று எந்த ஆடும் செத்ததில்லை. அன்றைக்கு இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேரிடம் கத்தினேன் என்று எனக்கே தெரியாது. பக்ரீதுக்கு முந்தைய நாள் பிடிக்கிற அரபா நோன்பு வேறு. நோன்பு வாயால் யாரையும் திட்டக் கூடாது என்று காலையில்தான் உறுதி எடுத்திருந்தேன். மதியம் லுஹர் பாங்கு சொல்வதற்குள் அந்த உறுதி காற்றில் போய்விட்டது.

என் பேர் ஆபிதா. தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு பழைய தோல் கிடங்கில், பக்ரீதுக்கு முந்தைய மாதம் முழுக்க ஆடுகளை வைத்துப் பராமரிக்கிறேன். செம்பூரிலும் நெருளிலும் பிளாட்டில் இருக்கிற நம் ஆட்கள் தேவனார் சந்தைக்குப் போய் ஜோராக ஆடு வாங்கிவிடுவார்கள். வாங்கிய பிறகுதான் எங்கே கட்டுவது என்ற யோசனையே வரும். லிப்டில் ஏற்றினால் பிளாட் சங்கம் நடத்துகிற சொசைட்டிக்காரன் சும்மா விடுவானா? என்னிடம்தான் கொண்டுவந்து கட்டுவார்கள். பெருநாள் காலை வரைக்கும் தீனி, தண்ணீர், புழுக்கை, மூத்திரம் எல்லாம் என் பாடு.

பெருநாளில் அறுக்கிற குர்பானி ஆட்டுக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது. நொண்டக் கூடாது, கண் பழுதாகக் கூடாது, நோயில் மெலியக் கூடாது. மும்பையிலோ பெருநாளுக்கு முன்பே மழை இறங்கிவிட்டால் ஆடுகளுக்குக் கழிச்சல் பிடித்துவிடும். போன வருஷம் அப்படித்தான் ஒவ்வொன்றாகக் கழிந்து, எலும்பு தெரிய நின்றன. அப்போது மிருக டாக்டர் ஷாலினிதான் வழி சொன்னாள். மாதுளந்தோலைக் காயவைத்துப் பொடித்துத் தீவனத்தில் கலந்து கொடுங்கள், வயிறு கட்டும், பூச்சியும் அண்டாது, ஆனால் அளவோடு, ஒரு ஆட்டுக்கு ஒரு ஸ்பூன், அதற்கு மேல் போனால் புழுக்கை இறுகிவிடும் என்றாள். அன்றிலிருந்து மாட்டுங்காவில் ஜூஸ் கடை ஜூஸ் கடையாக ஏறி இறங்கித் தோல் பொறுக்கி வருகிறேன். மழையில் காயாது என்பதால் அடுப்புக்கு மேலே கம்பி வலை கட்டி அதில் பரப்புவேன். மிக்சியில் அரைத்து, சலித்து, தவிட்டிலும் உளுந்தம்பொட்டிலும் கலந்து வைப்பேன். இந்த வருஷம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியும் ஒரு ஆட்டுக்கும் கழிச்சல் வரவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. அதை எதற்கு மறைக்க வேண்டும்?

அந்தத் திமிர் மொத்தமும் அன்றைக்கு ஒரே நிமிஷத்தில் இறங்கியது.

பெருநாளுக்கு முதல் நாள். மாட்டுங்காவிலிருந்து தோல் மூட்டையோடு திரும்பி வந்து கிடங்கின் கொண்டியைத் தள்ளித் திறந்தேன். அந்தக் கதவுக்குப் பூட்டு கிடையாது. ஆட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போக வசதியாக வெறும் கொண்டிதான். உள்ளே ஹனீப் பாயின் கறுப்பு ஆடு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. இடது பக்க வயிறு முதுகெலும்புக்கு மேலே எழும்பி நின்றது. விரலால் தட்டினேன். மத்தளம் மாதிரி சத்தம் வந்தது. வாயோரம் எச்சில் வழிய, பல்லை நறநறவென்று கடித்தது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேறு யார் ஆடாக இருந்தாலும் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். ஹனீப் பாய்க்கு இரண்டு சந்து தள்ளித் தோல் பை தைக்கிற பட்டறை. வீடு செம்பூரில். அவருக்கும் அவர் மனைவி சுலைகா லாத்தாவுக்கும் ஒரே மகன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் டெங்கு வந்து, காலேஜில் படித்துக்கொண்டிருந்த பையன் போய்விட்டான். இந்த ஆடு அவன் பேருக்குக் குர்பானி. என் கிடங்கில் கொண்டுவந்து கட்டிய அன்று, இரண்டு பேரும் இதன் முதுகில் கை வைத்து, மனசுக்குள் அவனை எண்ணி நிய்யத்து வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். செத்தால் வேறு ஆடு வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் எந்த வாயால் சொல்வது? நாளைக் காலை தொழுகை முடிகிற வரைக்கும் இது உயிரோடு நிற்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டியது.

ஷாலினிக்குப் போன் போட்டேன். முலுண்டில் வளர்ந்த தமிழ்ப் பெண், எடுத்த எடுப்பில் கேள்விதான் கேட்பாள்.

"என்ன சாப்பிட்டுச்சு ஆன்ட்டி?"

"எப்பவும் போலத்தான். தவிடு, பொட்டு, ஒரு ஸ்பூன் பொடி."

"ஷ்யூரா ஒரே ஸ்பூன்தானா?"

"பின்ன அண்டாவுலயா அள்ளிப் போடுவேன்?" என்று கத்திவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "நான் கோவண்டில இருக்கேன். சயான்ல தண்ணி நிக்குது, வர லேட் ஆகும். அதுவரைக்கும் படுக்க விடாதீங்க. முன்னங்காலை உயரத்துல வெச்சு நிக்க வைங்க, இடது பக்கம் நல்லா தேச்சு விடுங்க. சமையல் எண்ணெய் கொஞ்சம், சோடா மாவு தண்ணில கலந்து கொஞ்சம், கடைவாய் வழியா மெதுவா விடுங்க. அவசரப்பட்டா நுரையீரலுக்குப் போயிடும்."

போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். ஒரே ஸ்பூன்தானா? காலையில் மாட்டுங்கா போகிற அவசரம். வரிசையாக வைத்துக்கொண்டே வந்தபோது எதிர் வீட்டுக்காரி வந்து பேச்சுக் கொடுத்தாள். அந்தப் பேச்சில் இந்த ஆட்டுக்கு மட்டும் இரண்டு தடவை போட்டுவிட்டேனோ? யா அல்லா, என் கை நினைவில்லாமல் அள்ளிவிட்டதோ?

செய்தி கேட்டு ஹனீப் பாய் பட்டறையிலிருந்து செருப்பைக்கூடப் போடாமல் ஓடிவந்தார். ஆட்டைப் பார்த்தார். முகம் சாம்பலாகிவிட்டது. அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"என்னத்தக் குடுத்த?"

"நான் ஒண்ணும்..."

"அந்தப் பொடியத்தானே குடுத்த? எல்லாத்துக்கும் குடுக்கியே, அந்தப் பொடி! மாதுளந்தோல் என்னன்னு ஒனக்குத் தெரியுமா? எங்க வாப்பா காலத்துல தோல் பதப்படுத்த அதத்தான் தொட்டில ஊறப்போடுவாவ. செத்த தோல இறுக்குத சரக்கு அது! அதப் போயி உசுரோட இருக்க ஆட்டுக் குடலுக்குள்ள போட்டிருக்காளே, கேக்க ஆளில்லையா?"

கேட்கத்தான் சந்து முழுக்க ஆள் கூடிவிட்டதே! நெருளிலிருந்து தன் ஆட்டைப் பார்க்க வந்திருந்த நாகூர் மீரான் சத்தமில்லாமல் தன் ஆட்டுக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"நீங்க எதுக்கு அவுக்கிய?" என்றேன்.

"இல்லம்மா, நான் என் ஆட்ட இப்பவே கொண்டுபோயிருதேன்."

"கொண்டுபோங்க! பதினாலாம் மாடி பால்கனில கட்டிப் போடுங்க. சொசைட்டி செக்ரட்டரி வந்து கொம்புக்கு மாலை போடுவாரு!"

அவர் கயிற்றை விட்டுவிட்டார். ஆனால் என் மேல் வைத்திருந்த பார்வையை மாற்றிக்கொள்ளவில்லை. எல்லாரும் அப்படித்தான் பார்த்தார்கள். மாதுளந்தோலைத் தின்று எந்த ஆடும் செத்ததில்லை என்று நான் கத்தக் கத்த, அவர்கள் பார்வை இன்னும் மோசமானது.

செம்பூரிலிருந்து டாக்சி பிடித்து சுலைகா லாத்தா வந்து இறங்கினார். ஆட்டின் பக்கத்தில் வந்து நின்று, வீங்கிய வயிற்றில் உள்ளங்கையை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். என்னால் அவரை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

"பாய், கத்துறத அப்புறம் கத்திக்கிடலாம். தலையப் பிடிங்க," என்றேன்.

நல்ல வேளை, பிடித்தார். முன்னங்கால்களைக் கிடங்கு வாசல் படிமேல் தூக்கி வைத்தோம். அவர் ஆட்டின் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள, நான் கடைவாய் வழியாக எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். அதன் பிறகு சோடாத் தண்ணீர். லாத்தா இடது விலாவை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஒரு ஏப்பம் வந்தால் போதும். அந்த ஒரு ஏப்பத்துக்காக மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஏப்பம் வரவில்லை.

மழையிலேயே சந்துக்குள் நடத்தினோம். முனை வரைக்கும் போய்த் திரும்பும்போது முன்னங்கால் மடங்கி விழுந்தது. தூக்கி நிறுத்தினோம். மூச்சு இப்போது வாய் வழியாக வந்தது, நாக்கு வெளியே தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து கரீம் பாட்சா வந்தார். எங்கள் பகுதியில் பாதிக் குர்பானி அவர் கத்தியில்தான். மறுநாள் வேலைக்காகத் தீட்டி எடுத்துக்கொண்டு போன கத்தி அவர் கக்கத்தில் துணிச் சுருளுக்குள் இருந்தது. குனிந்து ஆட்டின் கண் இமையை இழுத்துப் பார்த்தார், விலாவில் காதை வைத்துக் கேட்டார்.

"ஹனீப் பாய், பட்டுனு சொல்லிருதேன், கோவப்படாதிய. இது தாங்காது. தானாச் செத்துட்டா கறி ஹராம், குழியில போட வேண்டியதுதான். இப்ப அறுத்தா ஏழபாழைக்காவது போவும்."

"குர்பானி?" என்று லாத்தா கேட்டார். வந்ததிலிருந்து அதுதான் அவர் பேசிய முதல் வார்த்தை.

பாட்சா பாய் தரையைப் பார்த்தார். "நாளைக்குத் தொழுகைக்கு அப்புறம் அறுத்தாத்தானே லாத்தா குர்பானி. இன்னைக்கு அறுத்தா வெறும் கறி."

லாத்தா அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஹனீப் பாய் ஆட்டின் தலையை விடவே இல்லை. "இன்னும் கொஞ்சம் பாப்போம்," என்றார். அப்புறம், யாரும் கேட்காமலே, "இனியும் விழுந்துட்டா அறுத்திருங்க," என்றார்.

இனி விழக் கூடாது. நான் ஆட்டின் வயிற்றுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டேன். கனம் என் இடுப்பை ஒடித்தது. விழாதே, விழுந்து தொலையாதே, என் மானத்தை வாங்காதே என்று அதன் காதுக்குக் கேட்கிற மாதிரி திட்டினேன். ஆட்டைத் திட்டினால் நோன்பு கெடாது என்று நினைக்கிறேன்.

விழுந்துவிட்டது. நான் தாங்கியும், என் கை வழியாகச் சரிந்து சேற்றில் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது.

பாட்சா பாய் துணியைப் பிரித்தார். "சொல்லுங்க பாய்," என்றார். ஹனீப் பாய் ஆட்டின் காதோரச் சேற்றைத் துடைத்தார். "பாய், நேரமில்ல. சொல்லுங்க."

"யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்!" நான் ஆட்டுக்கும் கத்திக்கும் நடுவில் போய் நின்றேன். "டாக்டர் வந்துக்கிட்டிருக்கா. அவ வந்து முடியாதுன்னு சொல்லட்டும், அப்புறம் நானே தலையப் பிடிக்கேன்."

"உன் பிடிவாதத்துக்கு ஒரு ஆடு ஹராமாச் சாகணுமா?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சந்து முனையில் ஷாலினி தெரிந்தாள். முழங்கால் வரைக்கும் நனைந்து, பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"எல்லாரும் பீச்சே ஹட்டோ, தள்ளிப் போங்க! காத்து வரட்டும்!"

வந்த வேகத்தில் ஆட்டை நிமிர்த்தி உட்காரவைத்து, பல்லுக்கு நடுவில் ஒரு கட்டையைக் கொடுத்து, ரப்பர் குழாயைத் தொண்டைக்குள் இறக்கினாள். இன்னொரு நுனியில் காதை வைத்தாள். நாங்கள் அவள் முகத்தையே பார்த்தோம். புஸ்ஸென்று காற்று வந்தது. புளித்த நாற்றம் மூக்கைத் துளைத்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று நான் சொல்லி முடிக்கவில்லை, காற்று நின்றுவிட்டது.

"சோக் ஆயிடுச்சு. ஏதோ அடைக்குது," என்று குழாயை வெளியே உருவினாள். நுனியை உள்ளங்கையில் தட்டினாள். இளஞ்சிவப்பு நுரையோடு நாலைந்து மாதுளை முத்துகள் வந்து விழுந்தன.

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் காலையிலிருந்து அடக்கி வைத்த அத்தனையும் வாய்க்கு வந்துவிட்டது.

"இங்க பாருங்க! எல்லாரும் வந்து பாருங்க! நான் குடுத்தது தோல்! காயவச்ச தோலு! தோல்ல ஏது முத்து? ஹனீப் பாய், நீங்க சொல்லுங்க, தோல்ல ஏது முத்து? என்னையச் சந்தி சிரிக்க வச்சியளே! நான் இல்லாத நேரம் பாத்து எந்தக் கழுத வந்து..."

"நாந்தான் குடுத்தேன், ஆபிதா."

சுலைகா லாத்தா சேற்றிலிருந்து எழவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

"நீ மாட்டுங்கா போயிருந்த. பழத்த உரிச்சு டப்பாவுல கொண்டாந்து குடுத்தேன். ஆஸ்பத்திரில கடைசி நாளு மாதுளை கேட்டான். வாய் வழியா ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாவ. நாளைக்குத் தாரேன்னு சொல்லிட்டேன். இது அவன் பேருக்குப் போற ஆடுதானே, இது தின்னா அவன் தின்ன மாதிரின்னு..."

நான் திறந்த வாயை மூடினேன்.

ஷாலினி மட்டும் வேலையை நிறுத்தவில்லை. குழாயைக் கழுவி மறுபடி உள்ளே விட்டபடியே, "எவ்ளோ குடுத்தீங்க ஆன்ட்டி?" என்றாள்.

"ஒரு டப்பாம்மா. ரெண்டு பழம் இருக்கும்."

"ரெண்டு பழத்துக்கு இவ்ளோ ஆகாதே. இனிப்பு ரொம்ப உள்ள போனாதான் வயித்துல இப்படிப் புளிச்சுப் பொங்கும். வேற யாராவது குடுத்தீங்களா? எவ்ளோன்னு தெரிஞ்சாதான் நான் மருந்து போட முடியும்."

நாகூர் மீரான் என்னைப் பார்த்தார், நான் கூட்டத்தைப் பார்த்தேன்.

"மிச்சம் நான் குடுத்தது," என்றார் ஹனீப் பாய்.

ஆட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டே சொன்னார். "பட்டற தொறக்குததுக்கு முன்ன வந்தேன், ஆபிதா இல்ல. ஒரு பை நெறைய. உரிச்சு உரிச்சுக் கையில வச்சு நீட்டுனேன், தின்னுக்கிட்டே இருந்துச்சு. நிப்பாட்ட மனசு வரல, டாக்டரம்மா." பிறகு லாத்தாவைப் பார்த்தார். "என்கிட்டயும் கேட்டான், சுலைகா. நீ தொழப் போயிருந்த. வாப்பா, மாதுளை வேணும்னான். நர்ஸக் கேட்டுட்டு வாரேன்னு சொல்லிட்டு வெளிய போயி, அந்த வராந்தாவுல நின்னுக்கிட்டேன். உள்ள வரவே இல்ல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

ஹனீப் பாய் என் பக்கம் திரும்பினார். "ஆட்ட இப்படிப் பாத்ததுமே என் கை வேலைதான்னு தெரிஞ்சுபோச்சு, ஆபிதா. அதான் ஒன் மேல கத்துனேன்."

வேறு ஒரு நாளாக இருந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்றைக்கு எனக்கு அழுகைதான் வந்தது. முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு நன்றாகவே அழுதேன். பாட்சா பாய் கத்தியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்.

ஷாலினி தண்ணீர் விட்டு அலசினாள், வாளியில் இறக்கினாள், மறுபடி அலசினாள். முத்தும் விதையும் நுரையுமாக வாளி நிறைந்தது. ஊசி போட்டாள், மருந்து ஊற்றினாள். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் வயிறு பாதி இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆடு கழுத்தை நீட்டி, கூட்டம் மொத்தமும் ஒரு அடி பின்வாங்குகிற மாதிரி ஒரு ஏப்பம் விட்டது. யாரோ கை தட்டினார்கள். பிறகு அது தானாகவே எழுந்து நின்று, தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி அசை போட ஆரம்பித்தது. அந்த அசையைப் பார்த்த பிறகுதான் ஷாலினி தன் நெற்றியைத் துடைத்தாள்.

"பொழச்சுக்கும். இன்னிக்கு வெறும் காஞ்ச புல்லு மட்டும். வேற யார் என்ன கொண்டு வந்தாலும் உள்ள விடாதீங்க ஆன்ட்டி. கதவுக்கு முதல்ல ஒரு பூட்டு வாங்குங்க."

சந்தில் கூட்டம் கலைந்தது. நாகூர் மீரான் தன் ஆட்டுக் கயிற்றைத் தானே இறுக்கிக் கட்டிவிட்டு, என்னிடம் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் போனார். கரீம் பாட்சா ஆட்டைச் சுற்றி வந்து பார்த்தார். குளம்பு, கண், மூக்கு எல்லாம் பார்த்துத் திருப்தியாகி, கத்தியைத் துணியில் சுற்றினார்.

"அப்ப நாளைக்குத் தொழுகை முடிஞ்சதும் வாரேன், பாய். யார் பேருக்குன்னு நீங்க வாயால சொல்லிரணும், என்ன? பேரு சொன்னதும் பிஸ்மி சொல்லி அறுத்திரலாம்."

ஹனீப் பாய் தலையாட்டினார். பாட்சா பாய் போன பிறகும் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு வருஷமா நம்ம வீட்ல அந்தப் பேர எடுக்கல," என்றார், யாரிடம் என்றில்லாமல். "நாளைக்கு அத்தன பேரு முன்னால என் நாக்கு பெரளுமான்னு தெரியல."

லாத்தா எழுந்து, ஆட்டைச் சுற்றி நடந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சேறு பட்ட கையை அவர் முழங்கால் மேல் வைத்தார்.

"இப்பச் சொல்லிப் பாருங்க," என்றார்.

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை. முதல் தடவை அவர் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவை வந்தது.

"முகம்மது ஹனீப் மகன் பைசான்," என்றார்.

லாத்தா கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னொரு தடவ," என்றார்.